ஒட்டாத நோய்

"டாக்டர், பிள்ளைய நான் எப்பத் தூக்கலாம்?"

அவள் கேட்டது அவ்வளவுதான். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"தூக்க வேண்டியதுதானே. உங்களுக்குத்தான் டிபி இல்லையே."

இல்லையா?

"இது டிபிக்குப் பங்காளின்னு வச்சுக்கோங்க. தண்ணியில, மண்ணுல கிடக்கிற கிருமி. சில பேர் நெஞ்சுல மட்டும் குடியேறிக்கும். லென்ஸ்ல பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். நம்ம பக்கம் எத்தனை பேருக்கு இருக்குன்னு இப்பத்தான் தேடவே ஆரம்பிச்சிருக்கோம். வைத்தியம்தான் இழுக்கும். மத்தவங்களுக்கு ஒட்டாது. பொங்கலுக்கு முந்தியே உங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேனேம்மா."

பக்கத்து நாற்காலியில் கணவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது ஆடி.

மாத்திரை மாறியபோது கேட்டாள். "டிபிக்குத்தான் வேற மாத்திரை" என்றான். நம்பினாள்.

தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தது அவள்தான். போன வருசம், நடை பழகிக்கொண்டிருந்த கோமுவைப் பால் மறக்கடித்து நாத்தனார் வீட்டுக்கு அனுப்பியதும் அவள்தான். நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வாள் என்று தைரியமாக அனுப்பினாள்.

போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், "பிள்ளைக்கும் ஒட்டிக்கிட்டா?" என்பான். அவள் அடங்கிப் போவாள்.

மருந்துக்கடை வாசலில்தான் அவன் வாயைத் திறந்தான்.

"அக்கா மொகத்துல இப்பத்தான் சிரிப்பே வந்துருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு..."

அவள் மருந்துப் பையை வாங்கிக்கொண்டாள்.

கிருமியின் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. அது பாட்டுக்குத் தண்ணீரில் கிடந்தது. கிடைத்த நெஞ்சில் தங்கிவிட்டது. அது யாரிடமும் பொய் சொல்லவில்லை.

அவன் ஆட்டோ பிடிக்கப் போனான். அவள் சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

நாத்தனார் வீட்டு கேட் திறந்து கிடந்தது.

வாசலில் கோமு ஒரு கோழியை விரட்டிக்கொண்டு ஓடினாள்.

ஓடுகிறாள்.

தினமும் சாயங்காலம் போனில் முகத்தை மட்டும்தான் காட்டுவார்கள். பிள்ளை இவ்வளவு வளர்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கோமு நின்றாள். உற்றுப் பார்த்தாள். மெல்ல அடையாளம் பிடிபட்டு, முகமெல்லாம் சிரித்தாள்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிள்ளை வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டது.

"அம்மா... போனம்மா வந்துருக்கா."