சிட்டு உருவிய முடி

லாரி டிரைவர். சாவி வாங்க வந்த வனவர். மாற்றலாகிப் போகும் வனக்காவலர் மாதப்பன். அவன் மனைவி. சுவர் ஓட்டைக்குள் மஞ்சள் தொண்டைச் சிட்டின் குஞ்சுகள்.

அவ்வளவு பேர்தான் இருந்தார்கள்.

மகள் இல்லை.

பாத்திரம் பண்டமெல்லாம் லாரியில் ஏறியாயிற்று. மனைவி மட்டும் உள்ளே நின்று அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டையிலிருந்து ஒரு கற்றை தொங்கியது.

முடி.

மகளுக்குத் தலைவாரிவிட்டு, உதிர்ந்ததைச் சுருட்டி ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே செருகிவைப்பாள். வெளியே வறண்ட முள்காடு. சிட்டு இதை உருவிக் கூடு கட்டியிருக்கிறது.

அவள் தலை எப்போதோ நரைத்துவிட்டது. இது கருகருவென்று இருந்தது.

ஐப்பசியில் மகளுக்குக் காய்ச்சல். ஆம்புலன்ஸ் மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. கொசுவால் வந்தது என்றார்கள்.

கார்த்திகையில் ஆள் வந்து சன்னலுக்குக் கம்பி வலை அடித்துவிட்டுப் போனான்.

யாருக்கு?

வலை வந்தபின் சிட்டுகளுக்கு வாசல்தான் வழி. இந்தச் சித்திரை முழுக்க அவள் பகலில் கதவைச் சாத்தியதே இல்லை.

எட்டிக் கற்றையைப் பிடித்தாள். இழுத்தால் வந்துவிடும். மகளுடையது என்று வேறெதுவும் மிச்சமில்லை. துணிமணியையும் சேர்த்துத்தான் புதைத்தார்கள்.

உள்ளே குஞ்சுகள் வாயைப் பிளந்தன.

அம்மா வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டன.

கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, குருவிக்கும் சேத்துத்தான் லாரி பிடிச்சீங்களா? மழைக்கு முன்ன மலை இறங்கணும்!" வாசலிலிருந்து டிரைவர்.

மூலையில் அரிவாள் கிடந்தது. எடுத்தாள். சன்னல் வலையைக் கிழித்தாள். அது அவள் கையையும் கிழித்தது.

மாதப்பன் உள்ளே வந்தான். வலையைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். பிறகு, தொங்கிக்கொண்டிருந்த முடியைப் பார்த்தான்.

அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாதப்பா, சன்னலெல்லாம் சாத்தியாச்சா?" வெளியிலிருந்து வனவர். "புது ஆள் வர ஒரு மாசமாகும். கொரங்கு புகுந்துச்சு, உன்னைத்தான் கேப்பேன்."

அதிகாரியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"சாத்தியாச்சுங்க சார்."

அவளை முன்னே போகவிட்டான். உள்ளே பிள்ளை தூங்கும்போது சாத்துவதுபோல, சத்தமில்லாமல் கதவைச் சாத்திப் பூட்டினான்.