உடம்புக்குள் உலோகம் உண்டா

வளையல், தோடு, மெட்டி, தலையில் இருந்த கொண்டை ஊசி வரை எல்லாம் மாமியார் தாயம்மாவின் முந்தானைக்குப் போயாயிற்று. தாலிச் செயினையும் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள் பொன்மணி.

கழற்ற முடியாதது ஒன்றுதான் பாக்கி. கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைத்திருந்த காப்பர்-டி.

இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்த கையோடு, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதற்குச் சரியென்று தலையாட்டியிருந்தாள். நாலு வருஷமாகிறது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தாயம்மாவோ பேரன் வேண்டுமென்று மயிலாப்பூரில் ஒரு கோயில் விடவில்லை. கோயில் மரத்தில் தொட்டில் கூடக் கட்டியாயிற்று. ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டியவன் கணவன் செம்பியன்தான். பொன்மணி கீழே கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள்.

இப்போது இந்தப் பாழாய்ப்போன இடுப்பு வலி. இடது கால் மரத்துப் போகவே, டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிவிட்டார். அடையாறு ஸ்கேன் சென்டரில் கொடுத்த ஃபாரத்தைச் செம்பியனே ஜன்னலோரமாகப் போய் நின்று நிரப்பினான். மடித்துப் பிடித்துக்கொண்டு கையெழுத்துக்கு மட்டும் நீட்டினான். அவளும் போட்டுவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றுதான் எழுதியிருப்பான். அவனுக்கு என்ன தெரியும்?

ஸ்கேன் மெஷினின் காந்தம் அதை இழுத்துக் கிழித்துவிட்டால்? கிழிக்காவிட்டாலும் படத்தில் விழுமே. எடுக்கப் போவதே இடுப்பைத்தான். டாக்டர் படத்தைக் காட்டி விளக்கும்போது தாயம்மா பக்கத்தில் நிற்காமலா இருப்பாள்?

மூன்று தடவை பாத்ரூம் போய்வந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி வாசல் வரை நடந்தாள்.

"இன்னாடி, கால் வரலன்ன, இங்க ஊர்கோலம் போய்க்கினு கீற?" என்றாள் தாயம்மா.

செம்பியன் செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்க் கதவு மூடியதும், படம் எடுக்கும் பெண் நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் பொன்மணி. வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"மேடம், உள்ள ஒன்னு கீது. வெளிய தெரிஞ்சா என்னைய வாழ வுட மாட்டாங்க."

"காப்பர்-டி தானேக்கா? அதான் ஃபாரத்துல எழுதியிருக்கே. அதால ஒன்னும் ஆகாது, பயப்படாம படுங்க."

பொன்மணிக்கு விளங்கவில்லை. ஃபாரத்தை வாங்கிப் பார்த்தாள். 'உடம்புக்குள் உலோகம் உண்டா' என்ற கேள்விக்கு நேரே செம்பியனின் கோணல் எழுத்து. காப்பர்-டி, வைத்த மாதம், வருஷம், எல்லாம் சரியாக இருந்தது.

அதற்குக் கீழே இன்னொரு வரி, பொடிப்பொடியாக: 'எங்க அம்மா கூட வந்திருக்காங்க. அவங்க எதிர்ல இதைக் கேக்க வேணாம். என் வொய்ஃபுக்கும் எனக்குத் தெரியும்னு தெரியாது.'

ஓடிப்போய் அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் படுக்க வைத்து, காதை அடைத்து, குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள். அரை மணி நேரம் அசையவே கூடாதாம்.

மெஷின் தடதடவென்று ஆரம்பித்து, நின்றது. மறுபடி ஆரம்பித்து, மறுபடி நின்றது.

மூன்றாவது தடவை மைக்கில் நிஷாவின் குரல் கெஞ்சியது.

"அழாதீங்கக்கா. படம் ஆடுது."