வானொலியில் வந்த வசந்தம்

"பாவம், அவருக்குப் பேச வராதுக்கா. அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள் கடைக்காரி தானிட்சா.

ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உருண்டையாக நின்றிருந்த பக்கத்து வீட்டு மிலென்கா, அந்த மனிதரைத் தலை முதல் கால் வரை பார்த்து உச்சுக்கொட்டினாள். மூக்கு வரை கம்பளித் துண்டைச் சுற்றியிருந்த அவர் பணிவாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

உண்மையில் அவருக்கு நன்றாகவே பேச வரும். சொல்லப்போனால், ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர் வாட்டும் தென் அமெரிக்கத் தென்கோடியின் பூந்தா அரேனாஸ் நகரில் அவரளவுக்குப் பேசிய வாய் வேறு கிடையாது. தினமும் காலையில் உள்ளூர் வானொலியில் வானிலை வாசிக்கும் தோன் எலியோதோரோ அவர்தான்.

குளிர்காலம் பாதிகூடத் தாண்டவில்லை. அதற்குள், "நேயர்களே, இந்த வருடம் வசந்தம் சீக்கிரமே வருகிறது!" என்று தேன் குரலில் அறிவித்துவிட்டார். பனி, காற்று என்று உள்ளதைச் சொன்னால் விளம்பரம் கொடுப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பது நிலைய முதலாளியின் கவலை. வசந்தத்தைப் பார்த்து யார் முகம் சுளிக்கப் போகிறார்கள்?

ஊர் நம்பியது. வீட்டு அலங்காரப் பொருட்கள் விற்கும் தானிட்சா கொஞ்சம் கூடுதலாகவே நம்பினாள். கடையின் தகரச் சுவருக்கு எலுமிச்சை மஞ்சளும் கதவுக்குக் கிளிப்பச்சையும் அடித்தாள். பூப்போட்ட திண்டுகள், செர்ரிச் சிவப்பில் கோப்பைகள், காகிதப் பூச்சரங்கள் என்று வாங்கி அடுக்கினாள். காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகும் ஊரில், ரோஜா நிறத்தில் குடைகள் வேறு.

வசந்தம் வரவில்லை, பனி வந்தது. அதற்கு மாற்றாக ஆலங்கட்டி வந்தது. பிறகு மறுபடியும் பனியே வந்தது.

ஒருநாள் வேலை முடிந்து அந்த வழியாகப் போனபோது, சாம்பல் பூத்த தெருவில் அந்தக் கடை மட்டும் பண்டிகைக்குத் தேதி மாறி வந்த விருந்தாளி மாதிரி நிற்பதைப் பார்த்தார் எலியோதோரோ. கண்ணாடிக்குப் பின்னால் அவள் ஒருத்தி மட்டும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். மனசாட்சி சுருக்கென்று குத்தியது. உள்ளே நுழைந்தார். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஒரு கோப்பையை விரலால் காட்டினார்.

அன்று பிடித்த வழக்கம்தான். காலையில் பொய், பகலில் பரிகாரம். தனி ஆளாகக் குடியிருந்த அவர் வீட்டில் இப்போது கல்யாண மண்டபத்துக்கே போதுமான பூச்சரம் தொங்கியது. வசந்தத்துக்காக அந்த ஊரில் அவரளவுக்கு ஏங்கியவர் யாருமில்லை. மற்றவர்களுக்கு வெயில் வேண்டும். அவருக்கு மானம் வேண்டும்.

"வசந்தமாம், வசந்தம்!" என்று மிலென்கா ஆரம்பித்தாள். "அந்த ரேடியோக்காரன் பேச்சைக் கேட்டுத் தொட்டியெல்லாம் வெளிய எடுத்து வச்சேன். மறுநாள் பாத்தா ஒரு செடி மிச்சமில்ல. எந்த வருஷத்து வசந்தம்னு அந்தாளக் கேக்கணும்!"

"உங்களுக்குச் செடியோட போச்சு. நான் கடையையே மூட வேண்டியவ" என்றாள் தானிட்சா. "ஜன்னலத் திறந்து எட்டிப் பாத்திருந்தா போதுமே. அந்த ஸ்டேஷன்ல ஜன்னலே வைக்கல போல."

"வாசிக்கிறப்ப என்ன ஒரு குழைவு! வெயிலைத் தன் சட்டைப் பையில வச்சிருக்கிற மாதிரி!"

"அந்தாளு மட்டும் என் கையில சிக்கட்டும்க்கா. லேசுல விட்டுடுவேனா?"

எலியோதோரோவுக்கு வியர்த்தது. அந்த ஊரில் ஆகஸ்டு மாதத்தில் வியர்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். அவசரமாக ஒரு ஜன்னல் திரையைக் காட்டினார். தானிட்சா பெருமூச்சு விட்டாள். உடனே அதன் ஜோடியையும் காட்டினார்.

"பாத்தீங்களாக்கா, எவ்ளோ தங்கமான மனுஷன்!" என்று அவள் திரைகளை மடித்தாள். "இந்த மாதிரி நாலு பேர் இருந்தா ஊர் உருப்படும். பொய்யே பேசாத வாய்!"

மிலென்கா ஒன்றும் வாங்காமல், எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். கதவு திறந்து மூடிய அந்த ஒரு நொடியில் புகுந்த காற்றில் பூச்சரங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடின.

தானிட்சா சூடாக மாத்தே பானம் ஊற்றி அவரிடம் நீட்டினாள். "குடிங்க சார். வெளிய நம்ம ரேடியோ வசந்தம் கொட்டுது."

அந்தக் கரிசனத்தில் எலியோதோரோ உடைந்துபோனார். போதும் இந்த நாடகம். நாளைக் காலை ஒலிபரப்பில், "அக்டோபர் வரை குளிர்தான், என்னை மன்னியுங்கள்" என்று சொல்லிவிட வேண்டியதுதான். முதலாளி வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி. அதற்கு முன்னால் இந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும்.

பானத்தைக் கீழே வைத்தார். கம்பளித் துண்டை மூக்கிலிருந்து மெல்ல இறக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

அதற்குள் தானிட்சா பொட்டலத்தை அவர் கையில் திணித்து, வாசல் கதவையும் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

"நாளைக்கும் வசந்தம்னே சொல்லிடுங்க, தோன் எலியோதோரோ. ஓலைத் தொப்பி வந்து எறங்கியிருக்கு!"