காற்றில் போன மருந்து

சன்னல் வெயில் விழும் தரையில் தையல்காரருக்கு வலிப்பு வந்து வெட்டி வெட்டி இழுக்கிறது. அவர் முழங்கை மேசைக் காலில் இடித்துக்கொண்டே இருக்கிறது. "அண்ணி, மூக்குல அடிக்கிற மருந்து! சீக்கிரம்!" என்று அவர் தலையைத் தாங்கியபடி தங்கை அலறுகிறாள். மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ உறையைக் கிழித்துவிடுகிறாள். தன் தும்மலுக்கு அடிக்கும் மருந்தை முதலில் காற்றில் ஒருதரம் அழுத்திப் பார்ப்பது அவள் வழக்கம். இந்தப் பதற்றத்திலும் விரல் அதை மறக்கவில்லை. புஸ்ஸென்று சீறிய மருந்து வெயிலில் மினுங்கியபடி மெல்ல இறங்குகிறது. "ஐயோ அண்ணி, அதுல ஒரு தடவைக்குத்தானே மருந்து இருக்கு!" அவள் காதில் எதுவும் ஏறவில்லை. காலிக் குழலை அவர் மூக்கில் வைத்து, நகம் வெளுக்க வெளுக்க அழுத்திக்கொண்டே இருக்கிறாள்.