பங்கா நின்ற நேரம்

“போச்சு! மறுபடியும் காத்து நின்னு போச்சுய்யா!” என்று நாற்காலியை விட்டு எழுந்தார் மிராசுதார் வைத்திலிங்கம். உச்சந்தலை வேர்வை மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் மீன்சுருட்டிப் பக்கம் கரண்டு ஏது? கூடத்து விட்டத்தில் பெரிய துணிப் பங்கா தொங்கும். அதன் கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே போகும். அங்கே உட்கார்ந்து இழுப்பவன் மதுரைவீரன், பூலாம்பாடியிலிருந்து வேலை கேட்டு வந்தவன்.

அவன் டமாரச் செவிடு. மிராசுதார் அய்யாவே அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து, திரும்பவில்லை என்றதும் வேலை கொடுத்தார். காது கேட்ட குற்றத்துக்காக அதற்கு முன் நாலு பேரை விரட்டியிருந்தார். கூடத்தில் நடக்கிற பேச்சு அவ்வளவு புண்ணியமான பேச்சு!

கணக்குப்பிள்ளை நடராசன் பெரிய இன்சினீயர் மாதிரி அண்ணாந்து பார்த்தார். “பங்கா ஒரு பக்கமா சாஞ்சிருக்குங்க. அதான் சிக்கிக்கிட்டு நிக்குது.”

ஏணி வந்தது. ஒரு முனையை ரெண்டு விரற்கடை ஏற்றிக் கட்டினார்கள். உருளைக்கு விளக்கெண்ணெய் விட்டார்கள். வெளியே போய் மதுரைவீரன் முதுகில் ஒரு தட்டுத் தட்டியதும் இழுத்தான். காற்று ரெண்டு பக்கமும் ஒரே சீராக வந்தது.

“எப்படிங்க நம்ம வேலை!” என்றார் நடராசன்.

அய்யா சாய்ந்து உட்கார்ந்தார். “சரி, விஷயத்துக்கு வா. அந்தக் கொளஞ்சியம்மாளோட அரைக்காணி...”

பங்கா நின்றது.

“அட எழவே!” மறுபடியும் ஒருத்தர் ஓடிப்போய்த் தட்டினார். மறுபடியும் ஆடியது.

“நாளைக்கு விடியக்காலம் அவ திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பாக்கப் போறா. நாம நம்ம வீட்டு வேலைக்காரி வீரம்மாளக் கூட்டிட்டுப் போயி, இவதான் கொளஞ்சியம்மாள்னு சொல்லி ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கைநாட்டு வச்சுட்டா நெலம் நம்மளது.”

“பாவம், அவளுக்கு இருக்கறதே அதானேங்க. அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுவா?”

“புருசன் செத்தவளுக்கு நெலம் எதுக்குய்யா?”

பங்கா பொட்டென்று நின்றது. இந்தத் தடவை நடராசன் துணியைத் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: “துணி கனம் ஜாஸ்திங்க. நாளைக்கு மாத்திடலாம்.”

மறுநாள் காலை வில்வண்டி ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நின்றது. முக்காடு போட்ட வீரம்மாளை முன்னால் விட்டு, அய்யா பத்திரத்தை நீட்டினார்.

ரிஜிஸ்தரார் பேரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “கொளஞ்சியம்மாளா? ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே ஒரு கொளஞ்சியம்மாள் நாலு சாட்சியோட வந்து உக்காந்திருக்காங்களே!”

மூலை பெஞ்சில் கொளஞ்சியம்மாள் இருந்தாள். நந்தி கல்யாணத்துக்குப் போகவில்லை. பக்கத்தில், கையில் கயிறு இல்லாமல், மதுரைவீரன்.

அய்யா திரும்பிப் பார்த்தார். நடராசன் பக்கம் சாய்ந்து, அவர் காதுக்குள் முணுமுணுத்தார்: “இந்தச் செவிட்டுப் பய இங்க என்னய்யா பண்றான்?”

மதுரைவீரன் இடுப்பிலிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“மெதுவாவே பேசுங்கய்யா. நல்லாவே கேக்குது.”