மூன்றாவது கல்

பாதிக் கன்னத்தில் நுரையோடு மீசைக்காரர் எழுந்து, கழுத்துத் துண்டைக்கூட அவிழ்க்காமல், தெருவைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "சவரம் பண்ணச் சொன்னா முடியைப் பிடுங்குறியேப்பா."

துண்டு எங்கள் கடைத் துண்டு. எதிர்க் கடை என் கொழுந்தனுடையது.

வேறு யாராக இருந்தாலும் பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் கத்தியைத் துடைத்து வைத்தார். வாளித் தண்ணீரிலிருந்து சாணைக்கல் இரண்டையும் எடுத்தார். பென்சிலைத் தேடினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்லின் முகத்தில் கட்டம் கட்டமாகப் பென்சில் கோடு போடுவார். பிறகு ஒரு கல்லின் மேல் இன்னொன்றை வைத்து, தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். கோடெல்லாம் அழிந்துவிட்டால் கல் சமமாகிவிட்டது என்று கணக்கு. சாம்பல் நிறக் கூழ் தரையெங்கும் வழியும். அதைத் துடைக்க நான் ஒருத்தி இருக்கிறேனே.

கோடு அழியத்தான் செய்கிறது. கல்தான் சமமாவதில்லை.

இரண்டு கல்லை மட்டும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று குழிந்துபோகும், மற்றது வயிறு வைக்கும். சேர்த்து வைத்தால் இரண்டும் அவ்வளவு அழகாகப் பொருந்தும். பிரித்துப் பார்த்தால் இரண்டுமே கோணல். மூன்றாவதாக ஒரு கல் வேண்டும். மூன்றையும் மாற்றி மாற்றித் தேய்த்தால்தான் மூன்றும் நேராகும். கோணல் கல்லில் தீட்டிய கத்தி கன்னத்தில் இழுக்கத்தான் செய்யும். கடைத் துண்டு துவைக்கிற எனக்கே இது தெரிந்திருக்கிறது.

மூன்றாவது கல் எதிர்க் கடையில் இருக்கிறது.

கடையைப் பிரித்தபோது அண்ணனும் தம்பியும் சீப்பு வரைக்கும் பங்கு போட்டார்கள். நாற்காலி ஆளுக்கு ஒன்று. கண்ணாடி ஆளுக்கு ஒன்று. கல் மூன்று இருந்ததால் அண்ணனுக்கு இரண்டு, தம்பிக்கு ஒன்று என்று நாத்தனார் தீர்ப்புச் சொன்னாள். கொழுந்தன் வைத்திருப்பது பிளேடு மாட்டுகிற கத்தி. அவனுக்குக் கல்லே தேவையில்லை. ஆனாலும் என் பங்கு என் பங்குதான் என்று காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். இவரும், எடுத்துட்டுப் போகட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று சேர்ந்தால்தான் கல், இல்லையென்றால் வெறும் கட்டி என்பது இரண்டு பேருக்கும் தெரியாததா? வீம்பு, வேறென்ன.

அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. கத்தி இழுக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மீசைக்காரரும் போய்விட்டார் என்றால் இனி கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

புதுக் கல் வாங்கச் சொன்னேன். அது என்ன குணமோ என்றார். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி அதில் தேய்க்கச் சொன்னேன். உப்புத்தாளின் மணல் கல்லுக்குள் புகுந்து கத்தியின் வாயைக் கெடுத்துவிடும் என்றார். அப்படியானால் தம்பியிடம் போய்க் கேளுங்கள் என்றேன். அதற்கு மட்டும் காது கேட்கவில்லை. பழைய பல் பிரஷ்ஷால் கல்லில் ஏறிய கறுப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் அதே கர்ரக், கர்ரக். ஒரு கண் கல்லில், ஒரு கண் எதிர்க் கடையில்.

"நானே போய் வாங்கிட்டு வரேன்" என்றேன்.

"நீ கேட்டா தூக்கிக் குடுத்துருவானாக்கும்."

போகாதே என்று மட்டும் சொல்லவில்லை.

போன சுருக்கில் வெறுங்கையோடு திரும்பினேன். கல்லிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"என்ன சொன்னான்?"

"தர மாட்டானாம். வேணும்னா அண்ணனே வந்து கேக்கட்டும்னு சொல்லிட்டான்."

தேய்க்கிற சத்தம் நின்றது.

"அவ்வளவு திமிரா அவனுக்கு" என்று எழுந்தார். கையைத் துடைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். கண்ணாடி முன் நின்று தலையை வாரிக்கொண்டார். சண்டைக்குப் போகிறவர் தலை வாரிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, இரண்டு கல்லையும் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நான் தரையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கொழுந்தனிடம் நான் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. கல் என்ற சொல் காதில் விழுந்ததுமே, மீசைக்காரரை இரண்டாம் முறையும் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு உள்ளே ஓடினான். பிரிக்காத காகிதத்தோடு கல்லைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அண்ணன் கேட்டாரா அண்ணி?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

நான்தான் அதை வாங்கவில்லை.