கோழி வயிற்றுக் கோமேதகம்

“எங்க காட்டுல கல்லு வெளையுதுங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள் அமுதவல்லி.

அரூர் கடைவீதியில் ராசிக்கல் கடை வைத்திருக்கும் மாதவராஜ் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். இப்படிக் கூழாங்கல்லோடு வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கொண்டைக்கடலை அளவில், மங்கிய ஆரஞ்சு நிறத்தில் இருந்தது கல்.

“எங்க கெடச்சுதும்மா?”

“நேத்து கோழி அறுத்தேங்க. அதோட எரைப்பையில இருந்துச்சு.”

அவள் வளர்த்த கோழிதான். காலையில் திறந்துவிட்டால் காட்டில் ஒரு சுற்று மேயும். அப்புறம் அவள் புருஷனின் அண்ணன் கருப்பண்ணன் வீட்டு எருக்குழியே கதி என்று கிளறிக்கொண்டு கிடக்கும். வைகாசி பிறந்தால் முதல் ஆளாக எரு அள்ளி வயலுக்கு அடிக்கிற மனுஷர், இந்த வருஷம் கடையில் மூட்டை உரம் வாங்கிப் போட்டுவிட்டார். கோழிகளுக்குக் கொண்டாட்டம்.

அமுதவல்லிக்கு அந்தக் கல்லின் மேல்தான் உயிரே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எதிரே ரிஜிஸ்டர் ஆபீசில், அவள் பெயரில் இருக்கும் காட்டைக் கருப்பண்ணனுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாள். புருஷன் பூவரசன் மாசி மாதம் எவளையோ இழுத்துக்கொண்டு பெங்களூருக்கு ஓடிவிட்டான். தனி ஆளாக அந்த மண்ணோடு மாரடிக்க அவளால் முடியவில்லை.

அவன் பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்து வந்து சொன்னவரே கருப்பண்ணன்தான். அவளோடு உட்கார்ந்து அழுததும் அவர்தான். இருந்தாலும் மண்ணுக்குள் கல் இருக்கிறது என்றால் மாமாவிடம் கெஞ்சிக் கேட்டுக் கையெழுத்தைத் தள்ளிப் போடலாம் என்று ஒரு ஆசை.

மாதவராஜ் கல்லைத் துடைத்து லென்ஸைக் கண்ணில் வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

“கோமேதகம்தாம்மா. அசல். உள்ள பாருங்க, வெல்லப்பாகு கலங்குன மாதிரி சுழிச்சுக்கிட்டு இருக்கு. கண்ணாடியில இது வராது.”

அவள் முகம் மலர்ந்தது. “அப்ப எங்க மண்ணுல...”

“உங்க மண்ணு இல்லம்மா. சிலோன் கல்லு, பட்டை தீட்டுனது. கோழி வயித்துல அரைபட்டு ஒரு பக்கம் மழுங்கிப் போச்சு. மோதிரத்துல இருந்து தெறிச்சிருக்கு. ஓரம் பேந்திருக்கு பாருங்க, ஓங்கி அடிபடாம இது பேராது.”

அவ்வளவுதானா என்று கையை நீட்டினாள். மாதவராஜ் கல்லைத் தரவில்லை.

“இது நான் வித்த கல்லும்மா. உள்ள எள்ளு மாதிரி ரெண்டு கரும்புள்ளி. அதனாலேயே யாரும் வாங்காம கெடந்துச்சு. தீர்த்தமலைத் தேருக்கு மறுநாள் ஒருத்தரு மோதிரமாவே வாங்கிப் போட்டுக்கிட்டுப் போனாரு. ராகு தசையாம். அண்ணன் தம்பி மனத்தாங்கல் தீரணும்னாரு.”

தேருக்கு மறுநாள்தான் பூவரசன் காணாமல் போனான். அவள் செல்போனில் இருந்த புருஷன் போட்டோவைக் காட்டினாள்.

“இவரேதாம்மா.”

“பெங்களூரு பஸ்ஸுக்குத்தானுங்களே போனாரு? கூட ஒரு பொம்பள...”

“தனியாத்தான் வந்தாரு. பொண்டாட்டிக்குப் பக்கோடா வாங்கியிருக்கேன், ஆறிடும்னு சொல்லிக்கிட்டே ஊருக்குப் போற கடைசி பஸ்ஸைப் புடிக்க ஓடுனாரு.”

அமுதவல்லிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓடிப்போகவில்லை, அவள் புருஷன் ஓடிப்போகவே இல்லை. இத்தனை நாளும் அவனைச் சபித்த வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஊருக்குப் பஸ் ஏறியவன் வீடு வந்து சேரவில்லையே. கல் மட்டும்தானே வந்திருக்கிறது.

“அமுதா!” கடை வாசலில் கருப்பண்ணன், கையில் பத்திரத்தோடு நின்றார். “நம்ம பேரைக் கூப்புட்டுட்டாங்கம்மா. வா, ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வூட்டுக்குப் போலாம்.”

நேற்றுத் தின்ற கறி அவளுக்குத் தொண்டை வரை வந்தது. கல்லை வாங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இந்த வருசம் ஏன் மாமா எருக்குழிய அள்ளல?”